அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அதைப் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் நாற்பத்து மூன்றுக்கு வந்துவிட்டது. வாலாஜாபாத் சித்தி வீட்டார் முதல் பஸ்ஸில் வருவார்கள், அவர்களுக்குக் கூடம். தறிக்குழியின் மேல் பலகை போட்டு மூடினால் இன்னும் பத்துப் பேர் உட்காரலாம். பிள்ளைக்குக் காப்புப் போடும் அன்றைக்குக் காப்பரிசிக்கு இரண்டு படி போதாது, நாலு படி ஊறப்போட வேண்டும். இப்படி விரல்விட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் சம்பூர்ணம், காந்தாவின் நாத்தனார். பிள்ளையார்பாளையத்திலேயே அடுத்த தெரு. தாயில்லாத தம்பி குமாரசாமியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். தம்பி பெண்டாட்டிக்கும் தாய் இல்லை என்பதால் இந்தப் பிரசவத்தையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் வாய்க்கும் கைக்கும் ஓய்வு கிடையாது.

காந்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்பது மாதம் நிறையப் போகிற வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே கூடத்தில் இதே மாதிரி ஒரு கூட்டம். முதல் பிள்ளை, ஆண் பிள்ளை, பதினோராம் நாள். கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. சம்பூர்ணம்தான் அதிக நேரம் வைத்திருந்தாள். முத்தம் கொடுப்பாள், முகத்தைத் திருப்பி இருமுவாள், மறுபடி முத்தம் கொடுப்பாள். இருபதாம் நாள் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் கண்டது. இருமி இருமி நீலம் பாரித்து முப்பத்து நாலாம் நாள் போய்ச் சேர்ந்தது. விதி என்றார்கள் எல்லோரும். விதி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிக்க வேண்டாம், பாருங்கள். காந்தா மட்டும் அந்த இருமலை மறக்கவே இல்லை.

உங்கள் அக்காவைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று புருஷனிடம் இரண்டு தடவை காரணம் சொல்லாமல் கேட்டுப் பார்த்தாள். சிக்கு விழுந்த பாவு நூலை நாள் முழுக்கப் பொறுமையாகப் பிரித்தெடுக்கிற குமாரசாமிக்கு அக்காவுக்கு எதிரே வாய் திறக்க மட்டும் வராது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தறியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அது பங்குனி. ஊரில் அங்கங்கே அம்மை கண்டிருந்தது. ஊசி போடுகிறவர்கள் வீடு வீடாக வந்துபோனார்கள். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. பால்காரன் நிற்க மாட்டான், பிச்சைக்காரன் குரல் கொடுக்க மாட்டான், கூடப் பிறந்தவர்கள்கூடத் தெருவோடு திரும்பிவிடுவார்கள். அந்த வேப்பிலையைப் பார்த்து மற்றப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காந்தாவுக்குப் பொறாமையாக இருந்தது. இப்படியும் ஒரு பொறாமையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குமாரசாமி நெய்த புடவையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனதும், கொல்லை வேம்பில் இரண்டு கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். தாயே, குற்றம் என்னுடையது, அடிப்பதானால் என்னை அடி, வயிற்றில் இருப்பதை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னாள்.

திரும்பி வந்த குமாரசாமி சொந்த வாசலைப் பார்த்து வெளியிலேயே நின்றுவிட்டான்.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். உள்ள வந்து படுங்க.”

அம்மன் விஷயத்தில் விளையாடலாமா என்று அவன் பதறினான். காந்தா அப்போதுதான் அந்த இருமலைப் பற்றி முதல் தடவையாக அவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அவன் போய் உள் அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான். அம்மை கண்ட வீட்டில் தறி ஓட்டக் கூடாது, தறி நின்றது. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நோயாளியாகக் கிடப்பது லேசான வேலை இல்லை என்று அவனுக்கு இரண்டே நாளில் தெரிந்துபோயிற்று.

தெரு நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? அம்மன் பெயரில் யாராவது பொய் சொல்வார்களா? சம்பூர்ணம் ஓடி வந்து தெருவில் நின்றபடியே அழுதாள். வயிற்றுப் பிள்ளையோடு இந்த வீட்டில் இருக்காதே, என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினாள். காந்தா மறுத்துவிட்டாள். அதற்கப்புறம் தினம் காலையில் வாசற்படியில் இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனாள் சம்பூர்ணம். அதில் ஒன்றைக்கூடக் காந்தாவால் முழுசாகக் குடிக்க முடியவில்லை.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் வரை வேப்பிலை அப்படியே இருக்கட்டும், மருத்துவச்சி செல்லியம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது காந்தாவின் திட்டம். கெட்டிக்காரிதான். உண்மையைச் சொன்னாலும் எடுபடாமல் போகலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் உச்சி வேளையில், பத்து நாள் முன்னதாகவே, பனிக்குடம் உடைந்தது. குமாரசாமி பாயிலிருந்து குதித்துத் தெருவில் ஓடினான். அம்மை கண்டவன் ஓடி வருகிறான் என்று கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. ஜட்காக்காரன் குதிரையைத் தட்டிவிட்டுப் பறந்தான். செல்லியம்மாள் ஜன்னலைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. அம்மையே இல்லை, எல்லாம் பொய் என்று சட்டையைக் கழற்றி நெஞ்சைக் காட்டிச் சத்தியம் செய்தான்.

“முத்து இன்னும் போடலப்பா, ஜொரத்துல பெனாத்துற. நான் நாலு பச்ச ஒடம்புக்காரிங்கள தொடுறவ. என்ன கூப்புடாத, வூட்டுக்குப் போய்ப் படு.”

இதையெல்லாம் அவன் பிற்பாடு சொல்லித்தான் காந்தாவுக்குத் தெரியும். அந்த நேரம் அவள் கூடத்தில் தனியாகத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். வலி விட்ட நேரமெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து பிள்ளை அசைந்ததா? நினைவில்லை. தான் கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள், ஒருத்தரையும் வர விடாமல் செய்துவிட்டாள் என்று நினைத்தாள். யாராவது வாங்களேன் என்று கத்தினாள். தெருவில் சத்தமே இல்லை.

அப்போது ஒருத்தி வேப்பிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். சம்பூர்ணம்.

தம்பி ஓடுவதைப் பார்த்தவள் அவனை நிறுத்திக் கேட்கக்கூட இல்லை. வீட்டில் அம்மை இருக்கிறது என்று நம்பியேதான் வந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள், வெந்நீர் வைத்தாள், காந்தாவின் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். யார் வரக் கூடாது என்று இத்தனையும் செய்தாளோ அவள் கையைத்தான் காந்தா நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிள்ளை வந்தது. பெண். அழவில்லை.

சம்பூர்ணம் தலைகீழாகப் பிடித்தாள். உள்ளங்காலில் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். விரலால் வாயைத் துழாவிச் சளியை எடுத்தாள். தொண்டையில் இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை நீலம் பாரித்துக்கொண்டே போயிற்று. அந்த நீலம் காந்தாவுக்குத் தெரியும்.

சம்பூர்ணம் பிள்ளை முகத்தின் மேல் குனிந்தாள். ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டாள். நிமிர்ந்து காந்தாவைப் பார்த்தாள்.

“வாயால உறிஞ்சணும் காந்தா. நான் வாய வைக்கட்டுமா?”

அந்த நேரத்தில் யாராவது உத்தரவு கேட்பார்களா? இவள் கேட்டாள். அப்படியானால் இவளுக்குத் தெரியும். முப்பத்து நாலு நாளையும் இவளும் எண்ணியிருக்கிறாள். இத்தனை வருஷமும் அந்த இருமலை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். காந்தா பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் தாமதித்தாள். அந்த ஒரு மூச்சுக்காகப் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே வெறுத்திருக்கிறாள்.

“வைங்க அண்ணி.”

சம்பூர்ணம் உறிஞ்சித் துப்பினாள். மறுபடி உறிஞ்சித் துப்பினாள். மூன்றாம் தடவை பிள்ளை கம்மிய குரலில் ஒரு சத்தம் போட்டது. அப்புறம் வீறிட்டு அழுதது.

குமாரசாமி எப்படியோ ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஊசி போட்டுக்கொண்டவள், அவளுக்குப் பயமில்லை. தொப்புள்கொடியை அறுத்துத் தாயையும் பிள்ளையையும் சுத்தம் செய்துவிட்டு, அம்மை கண்டவர் எங்கே என்று அதட்டினாள். குமாரசாமி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். நர்ஸ் திட்டித் தீர்த்தாள். யாரைத் தடுக்க அந்த வேப்பிலை என்று சம்பூர்ணத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எனக்கு இப்ப இருமல் இல்ல. பாத்துக்கினுதான் வந்தேன்” என்று மட்டும் சொன்னாள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காந்தா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பயம் போய்விடவில்லை. இன்றைக்கு முதல் நாள், இன்னும் முப்பத்து மூன்று என்று மனசு எண்ண ஆரம்பித்திருந்தது. நர்ஸ் போனதும் குமாரசாமி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, வாலாஜாபாத்துக்குச் சொல்லி அனுப்பட்டுமா, யாரை வரச் சொல்வது, யாரை வேண்டாம் என்பது என்று கேட்டான்.

“ஒருத்தரும் வேணாங்க” என்றாள் காந்தா. “கெணத்தாண்ட அண்ணி அழுதுக்கினு இருக்குது. உள்ள வந்து புள்ளயத் தூக்கிக்கச் சொல்லுங்க.”