இனித்த ஆற்றில் இட்ட இரும்பு

"அண்ணன், பழைய ஒப்பீடு அப்பிடியே நல்லாத்தானே இரிக்கு. திகதிய மட்டும் மாத்தி ஒப்பத்தப் போட்டுத் தாங்க. திங்கட்கிழமை வாகரைக்கு ஓடர் குடுக்கணும்," என்றார் வீடமைப்பு நிறுவனத்தின் பொறியியலாளர் கேதீசன்.

யுத்தம் முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. வாகரைக் கரையோரத்தில் மீளக் குடியேறுவோருக்கு நூற்றிருபது வீடுகள். அவற்றின் யன்னல் நிலைகள் இரும்பிலா, கண்ணாடி நாரும் பிசினும் கலந்து வார்க்கும் பைபரிலா என்று தீர்மானிப்பதற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் உதயரூபனின் ஒப்பீடு ஒன்றே ஆதாரம். உறுதியில் இரும்பு மேல். வெயிலின் சூட்டை உள்ளே விடாமையில் பைபர் மேல். உப்புக்கு ஈடுகொடுப்பதில் இரண்டும் சமம். 2006ஆம் ஆண்டு தை மாதம் அவர் அவ்வாறு எழுதியிருந்தார். அந்தச் 'சமம்' என்ற சொல்தான் மூன்றரை வருடங்களாக அவருடைய தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது.

சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதில் வீடு கட்டும் அவசரம் அப்போது. இரும்புத் துண்டையும் பைபர் துண்டையும் ஆறு கிழமை உப்புநீரில் ஊறவைத்துப் பார்க்கும்படி நிறுவனம் பணித்திருந்தது. களுதாவளையில், மீனவர் கோணாமலை ஆற்றில் நட்டிருந்த வலைக்கம்பில் உதயரூபன் இரண்டையும் கட்டினார். கடலோடு கலக்கும் வாவியை ஆறு என்பதே அங்கு வழக்கம். மார்கழி வெள்ளம் வந்து நிறைந்திருந்த நேரம். கோணாமலை ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டுச் சிரித்தார்.

"என்ன சேர், இரும்பக் குளிப்பாட்டுறீங்களோ? தண்ணி இப்ப இளநி மாதிரி. ஆடியில கட்டிப் பாருங்க, துரு கதை சொல்லும். வள்ளமெல்லாம் பைபராப் போச்சு, வீட்டுக்கு மட்டும் என்னத்துக்கு இரும்பு?"

உதயரூபனும் மட்டக்களப்பில் பிறந்தவர்தாம். ஆறு எப்போது இனிக்கும், எப்போது கரிக்கும் என்பதை அறியாதவரல்லர். ஆனால் அறிக்கை தை முடிவதற்குள் வேண்டியிருந்தது. இரும்பு நிலைகளோ கொழும்பில் ஆயத்தமாக இருந்தன. துருவேறாத துண்டைப் படமெடுத்து இணைத்தார். நீர் இனித்ததை எழுதவில்லை.

இப்போது அவர் ஒப்பமிடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு களுதாவளைக்குப் போனார்.

கோணாமலைக்குக் கிடைத்ததும் அந்த அறிக்கையின்படி இரும்பு நிலை வைத்துக் கட்டிய வீடுகளில் ஒன்றுதான். நிலை துருவேறிப் பருத்து, செதில் செதிலாக உரிந்து, யன்னல் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்த விரலை நண்பகல் இரும்பு சுட்டது. உள்ளே, தொய்வுக்காரியான அவர் மனைவி ஆச்சிப்பிள்ளை விசிறிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். மூச்சு இழுத்தது.

"துறக்க ஏலாது மனே. உடைக்கப் போனாரு, நான்தான் வேணாமெண்டன். நீங்க நிண்டு கட்டித் தந்த வீடெல்லா?"

"கொழும்பில ஆரோ விட்ட பிழைக்கு சேர் என்ன செய்யிற?" என்றார் கோணாமலை.

அந்தப் பரிவை உதயரூபனால் தாங்க இயலவில்லை.

"கொழும்பு இல்ல, கோணாமலையண்ணன். நான்தான். தண்ணி இனிக்கிது எண்டு தெரிஞ்சும் உப்புத்தண்ணியெண்டு எழுதினன். நீங்க சொன்னதையும் மறைச்சன்."

விசிறி நின்றது. "படிச்ச புள்ளதானே நீங்க, மனே," என்றார் ஆச்சிப்பிள்ளை. அவர் ஏசியிருந்தால் தேவலை என்று உதயரூபனுக்குத் தோன்றியது.

கோணாமலை யன்னல் நிலையிலிருந்து துருச்செதில் ஒன்றைப் பிய்த்தெடுத்தார். பிறகு கேட்டார்: "வாகரைக்கும் இதுதான் போகுதோ?"

"திங்கட்கிழமை. நான் ஒப்பம் வெச்சா."

"மாத்தி எழுதிட்டீங்களோ?"

"இன்னும் இல்ல. முதல்ல உங்களிட்ட மன்னிப்பு..."

"என்னட்ட என்னத்துக்கு? உங்கட பாரத்த இங்க இறக்கிட்டுப் போகவோ? எங்களுக்கு யன்னல் போட்டு முடிஞ்சி. அந்தச் சனத்துக்கு இன்னும் போடல்ல. போங்க சேர், போய் எழுதுங்க."

அன்று மாலையே கேதீசன் புதிய தாளை இரண்டு தடவை வாசித்தார். 'சோதனை நிகழ்ந்தபோது வாவி நீர் உப்பாக இருக்கவில்லை. அதனை நான் அறிந்திருந்தேன்' என்ற வரிகளில் அவருடைய விரல் நின்றது.

"இது மேல போனா, முந்தின வீடு எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும், அண்ணன்."

"ஓம்," என்றார் உதயரூபன். "களுதாவளையில இருந்து தொடங்குவம்."