ரெஃப்ரி ஊதாத விசில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது ஃபவுல். இன்றைக்குக் கேட்டாலும் ஃபவுல், நாளைக்குக் கேட்டாலும் ஃபவுல். பக்கத்து ஊர் ப்ரெபெஸ்காரர்களின் ஒன்பதாம் நம்பர் தடியன் இரண்டு கையாலும் எங்கள் அணி ரிஃப்கியின் முதுகில் தள்ளினான். கோல் கம்பத்துக்குப் பின்னால், கம்பி வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற எனக்கு அது தெரிந்தது. பத்தடி தூரத்தில் நின்ற ரெஃப்ரிக்குத் தெரியவில்லையாம். ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசி, ஆடுங்கள் ஆடுங்கள் என்றான்.

அவன் ஊதவில்லை. அதனால் நான் ஊதினேன்.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. எங்கள் ஊர் தெகலின் காலைச் சந்தை வாசலில் வண்டி நிறுத்தி எடுத்துவிடுகிற வேலை எனக்கு, இருபத்திரண்டு வருஷமாக. ஆரஞ்சுச் சட்டையும் கழுத்து விசிலும் உடம்போடு ஒட்டிப்போனவை. யாராவது கண்ணைத் திறக்காமல் வண்டியை நகர்த்தினால் என் யோசனைக்குக் காத்திராமல் விசில் வாய்க்கு வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து நேராக ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். கண்ணெதிரே அநியாயம் நடந்தது, ஊதிவிட்டேன்.

விசில் கேட்டதும் ரிஃப்கி என்ன செய்வான்? ஃபவுல் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பினான். விழுந்த இடத்திலிருந்து எழுந்து, பந்தைக் கையில் எடுத்து, ஃப்ரீ கிக்குக்காகப் புல்லில் வைத்தான். எங்கள் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே. அப்போது ஊதினான் பாருங்கள் ரெஃப்ரி, அதுவரை ஊதாத அதே மனிதன், நெஞ்சு நிறைய. கையால் பந்தைத் தொட்டானாம், பெனால்டியாம். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் துர்யாதி அக்காவின் தேநீர்க் கடையில் உட்கார இடமில்லை. மண் கூஜாவில் தேநீர், அடியில் கற்கண்டு. கற்கண்டைக் கலக்காமல், அதுவாகக் கரையக் கரையக் குடிப்பதுதான் எங்கள் ஊர் முறை. தக்லான் மட்டும் கரண்டியைப் போட்டுக் கடகடவென்று கலக்குவான். ஆட்டு சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட கறி, விற்கிறவன், எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன், பெரிய மத்தளத்தை அடிப்பவனும் அவன்தான். ஆட்டத்துக்கு முந்தின நாள் அணிக்கு அவன் கடையிலிருந்துதான் சாப்பாடு போகும். அதனால் கோச் ஹெண்டார்கூட அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்.

எனக்கும் தக்லானுக்கும் ஒரு வருஷமாக ஒரே சண்டை, ரிஃப்கி எங்கே ஆட வேண்டும் என்று.

"காலுல அவ்ளோ வித்த வெச்சிருக்கான். அவனப் போய்க் காவக்காரனா பின்னாடி நிக்க வெச்சிருக்கீங்க," என்று அன்றும் ஆரம்பித்தான். "முன்னாடி, ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்துல விட்ருந்தா நேத்து அந்தக் கட்டத்துக்குள்ளயே வந்திருக்க மாட்டான். அவன் பத்தாம் நம்பர்யா. கோல் போடப் பொறந்தவன்."

"கண்ணு தெரியுதா ஒனக்கு?" என்றேன். "பந்து கால்ல வர்றதுக்கு முன்னாடி அவன் கழுத்து ரெண்டு தடவ திரும்பும், பாத்திருக்கியா? மொத்த மைதானமும் அவன் மண்டைக்குள்ள இருக்கு. டிஃபென்ஸுக்கு முன்னாடி, நடுவுல, ஆட்டத்த ஆரம்பிச்சு வெக்கிற எடம், அதான் அவன் எடம். ஆறாம் நம்பர். கோச்சே ரெண்டு மாசமா அங்கதான ஆட வெக்கிறாரு."

"நீ தெனம் அவரு வண்டிய மறிச்சு நச்சரிச்சா பாவம் அவரு என்ன பண்ணுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். துர்யாதி அக்காதான் விஷயத்துக்கு இழுத்து வந்தாள். "அத விடுங்கடா. அந்தப் பையன் விசில் கேட்டுச்சுன்னு அழுவுறானாம். ரெஃப்ரி நான் ஊதலங்கறானாம். யாரு சொல்றது நெசம்?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லா முகமும் கொதித்துக்கொண்டிருந்தது, அந்தக் கொதிப்பு எனக்கும் பிடித்திருந்தது. அந்த ரெஃப்ரி மேல் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு அவன் தலையில் எதை வைத்தாலும் தகும் என்று தோன்றியது. "ரெஃப்ரிதான் ஊதினான்," என்றேன். "என் ரெண்டு காதாலயும் கேட்டேன். ஊதிட்டு, ப்ரெபெஸ்காரன் மொறச்சதும் இல்லேன்னுட்டான்."

அவ்வளவுதான், கடையே எழுந்து நின்றது. கால்பந்துச் சங்கத்துக்குப் புகார் எழுத வேண்டும் என்றார்கள். உப்பு முட்டைக்குப் பேர்போன ப்ரெபெஸ்காரர்கள் ரெஃப்ரிக்கு எத்தனை கூடை முட்டை அனுப்பினார்களோ என்று ஒருவன் கேட்டான். தக்லானே என் தோளைத் தட்டிக்கொடுத்தான். ஒரு வருஷத்தில் அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை வீடியோ வந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து யாரோ செல்போனில் எடுத்தது. தக்லானின் மத்தளச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் படம் தெளிவாக இருந்தது. ரிஃப்கி பந்தை எடுக்கும் நேரத்தில் ரெஃப்ரி கையிலிருந்த விசில் இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அவன் ஊதவில்லை.

சரி, ரெஃப்ரி ஊதவில்லை என்றால் விட்டுவிடுவார்களா? கோபம் எங்காவது போயாக வேண்டுமே. ஒரே மணி நேரத்தில் அது ரிஃப்கி பக்கம் திரும்பியது. விசிலே இல்லாமல் எவனாவது தன் பெனால்டி கட்டத்தில் பந்தைக் கையில் எடுப்பானா? "வெல போயிட்டான்," என்று முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. மதியத்துக்குள் ஊரே சொன்னது. அவன் அம்மா சந்தையில் வெங்காயம் விற்கிறவள். அன்று அவள் கடைப்பக்கம் யாரும் போகவில்லை. வெள்ளிக்கிழமை நிர்வாகம் கூடி அவனை அணியை விட்டே அனுப்பப் போகிறது என்றார்கள். பத்தொன்பது வயதில் ஆட்டத்தை விற்றவன் என்று பெயர் வாங்கினால், பிறகு எந்த ஊரில் யார் அவனைச் சேர்ப்பார்கள்?

அந்த அம்மா வெங்காயத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை தேநீர்க் கடையில் கோச்சும் இருந்தார். எல்லோர் முன்னாலும் விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"ஊதுனது நான்," என்றேன். "கோலுக்குப் பின்னாடி நின்னு. ரெஃப்ரி ஃபவுல் குடுக்கல, ஆத்திரத்துல ஊதிட்டேன். பையன் அதக் கேட்டுதான் பந்த எடுத்தான். திங்கக்கெழம நான் சொன்னது பொய்."

விசிலை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு தக்லான் சிரிக்க ஆரம்பித்தான். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். சிரிப்பார்கள் என்று நினைக்கவேயில்லை.

"நல்லா இருக்கு தர்முஜி. போன மாசம் அவன் பந்தக் கோட்ட விட்டப்போ புல்லு சரியில்லன்ன. அதுக்கு முந்தி வெயிலு கண்ணுல அடிச்சுதுன்ன. இப்ப நானே ஊதினேங்கற. அந்தப் பையன் அந்த எடத்துல என்ன தப்பு பண்ணாலும் நீ முதுகக் குடுப்ப. அவன் ஆறாம் நம்பரா ஆடணும், நீ சொன்னது சரின்னு ஆகணும். அதுக்கு ஜெயிலுக்குக்கூடப் போவ."

"என் புள்ளைங்க மேல சத்தியம்யா. நான்தான் ஊதினேன்."

"திங்கக்கெழம ரெண்டு காதாலயும் கேட்டேன்னியே, அதுவும் இப்படித்தான சொன்ன?"

பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் நம்ப ஒரு நாதியில்லை. கோச்சைப் பார்த்தேன். அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அந்தப் பையன் மேல ரொம்பப் பிரியமா இருக்கீங்க," என்றார் மெதுவாக. விசிலை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

துர்யாதி அக்கா கூஜாவைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்குறேன். எடத்துக்காகத்தான் இவன் பொய் சொல்றான்னு எல்லாரும் சொல்றீங்க. அப்ப அந்த எடத்தையே இவன் விட்டுக்குடுத்துட்டா? தர்முஜி, இத்தன பேர் முன்னாடி சொல்லு. ரிஃப்கி ஆறாம் நம்பர் இல்ல, தக்லான் சொன்னதுதான் சரி, அவன் முன்னாடி ஆட வேண்டியவன்னு சொல்லு. அதச் சொல்லிட்டு, விசிலும் நான்தான் ஊதினேன்னு சொல்லு. நான் நம்புறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?"

"ஒனக்கு ஆதாயம் இல்லாம ஒரு வார்த்த பேசு. அதான் சம்பந்தம்."

தக்லான் சிரிப்பை நிறுத்திவிட்டான். மொத்தக் கடையும் என் வாயைப் பார்த்தது. ஒரு வருஷம் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். மழையில் பயிற்சி பார்க்கப் போய் நின்று, அந்தப் பையன் எங்கே நின்றால் ஆட்டம் மூச்சு விடுகிறது என்று நானாகக் கண்டுபிடித்தது அது. எனக்கென்று நான் கண்டுபிடித்த விஷயம் வேறு எதுவும் இல்லை.

"தக்லான் சொன்னதுதான் சரி," என்றேன். "நான் சொன்னது தப்பு. ரிஃப்கி பத்தாம் நம்பர். பின்னாடி நிக்க வெச்சது தப்பு."

"அப்புறம்?"

"விசில் ஊதுனதும் நான்தான்."

தக்லானின் முகம் மாறியதைப் பார்த்தேன். "நெசமாவே ஊதியிருக்கான்யா இவன்," என்று முணுமுணுத்தான். பிறகுதான் திட்ட ஆரம்பித்தான். அதுவரை நான் கேட்டிராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. எனக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்தின் முன்னால் தக்லானே வந்து சாட்சி சொன்னான். ரிஃப்கியின் பெயர் சுத்தமானது. இந்தப் பருவம் முழுக்க ஸ்டேடியத்துக்குள் நான் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார்கள். சரி என்றேன். ஊதவேண்டிய நேரத்தில் ஊதாத ரெஃப்ரிக்கு என்ன தண்டனை என்று மட்டும் கேட்டேன். நிர்வாகிகள் கோப்பை மூடிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரிஃப்கியை முன்னால் ஆட வைத்தார்கள். இரண்டு கோலில் ஜெயித்தோம், ஒன்று அவன் போட்டது. மறுநாள் காலை தக்லான் சந்தைக்கு வந்து ஒவ்வொரு கடையாக நின்று கதை சொன்னான். எனக்கும் இரண்டு தடவை சொன்னான். ஆமாம் தக்லான், ஆமாம் தக்லான் என்று தலையாட்டினேன்.

அவன் போனதும் ரிஃப்கி வந்தான், அம்மாவின் வெங்காய மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு. மூட்டையை இறக்கிவிட்டு என்னிடம் வந்து நின்றான். எங்கள் ஊர் வழக்கப்படி, பெரியவர்களைப் பாக் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவான்.

"தப்பு பண்ணிட்டேன்டா," என்றேன். "என்னால ஒனக்கு எவ்வளவு கெட்ட பேரு."

"அத விடுங்க பாக். அவன் தள்ளினான், அந்த ஆளு ஊதியிருக்கணும். நீங்க ஊதினீங்க." அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டான். போகாமல் நின்றான். "முன்னாடி எனக்கு ஆடவே வரல பாக்."

"கோல் போட்டியே."

"கால்ல பட்டு உள்ள போச்சு. முதுகக் காட்டிக்கிட்டே நிக்கறேன், பந்து எங்கேருந்து வருதுன்னே தெரியல. என்னப் பழைய எடத்துலயே விடுங்கன்னு கோச்சக் கேட்டேன். தர்முஜியே ஒத்துக்கிட்டாரு, இனிமே என்னன்னுட்டாரு." என் முகத்தைப் பார்த்தான். "நெசமாவே அப்படித்தான் நெனக்கிறீங்களா? என் எடம் அது இல்லையா?"

அதுதான் உன் இடம் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையை இவன் கோச்சிடம் கொண்டுபோவான், கோச் தக்லானிடம் சொல்வார். அப்போதே சொன்னேன் பார்த்தீர்களா, பையனுக்காகத்தான் விசில் கதையைக் கட்டினான் என்று தக்லான் மறுபடி ஆரம்பிப்பான். மதியத்துக்குள் இவன் அம்மா ஆளில்லாத கடையில் மறுபடி வெங்காயத்தை அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

"நெசமாத்தான்டா," என்றேன். "ஒன் எடம் முன்னாடிதான். எனக்குத்தான் புரியல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவன்.

"சரி பாக்," என்றான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."