பக்கத்து வீட்டுப் படம்

பனிப்புயலில் மாட்டிக்கொண்ட இரண்டாம் நாள் காலையில்தான், தான் பார்க்கும் வேலை ஒரு செய்தித் தளத்தில் என்று ஃபாயினா வாயை விட்டாள். விட்டதுமே, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ரஷ்ய எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி, கஜகஸ்தான் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடச் சமையலறை அது. அக்தோபேயில் அக்காவைப் பார்த்துவிட்டு ரஷ்யாவில் இருக்கும் தன் ஊரான ஓரன்பூர்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் ஃபாயினா. அவள் வந்த பஸ்ஸும் பதினோரு ரஷ்ய லாரிகளும் நெடுஞ்சாலையில் பனிக்குள் புதைந்துபோயின. முப்பத்தேழு பேரையும் ஊர்க்காரர்கள் டிராக்டரில் அள்ளிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். சமையல்காரி கலியா யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அடுப்பை மூட்டினாள். ஆட்டுக்கறி சூப்பு அண்டாவில் கொதித்தது, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி தட்டுத் தட்டாக வந்தது. லாரிக்காரர்களின் ஈரக் காலுறைகளைக்கூட அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டாள். அறுபது வயதில் இரண்டு நாள் உட்காராமல் நிற்க ஒரு மனுஷியால் முடியுமா? அவளால் முடிந்தது. அவளைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவது?

"‘ஸ்தெப்பே செய்தி’யா? ஃபோன்ல தினம் படிக்கிறேனே!" என்றாள் கலியா, சுத்தமான ரஷ்ய மொழியில். "‘பக்கத்து வீட்டில்’னு எங்களைப் பத்தி ஒரு பகுதி போடுறீங்களே, அதைத்தான் முதல்ல பார்ப்பேன். இன்னைக்கு எங்க வீட்டுல என்ன இடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கணுமே!"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஃபாயினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது சரி கண்ணு, தண்ணி நின்னாலும் அதே படம், தீப்பிடிச்சாலும் அதே படம் போடுறீங்களே, அது எந்த ஊரு? கூரை விழுந்த பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பானே, காதுமூடி ஒண்ணு மட்டும் தொங்குற தொப்பி போட்டுக்கிட்டு. அப்படித் தொப்பி எங்க பக்கம் யாரும் போடமாட்டாங்க. பாவம், எத்தனை வருஷமா நிக்கிறான்! பஸ்ஸே வரமாட்டேங்குது."

"எனக்கும்... சரியாத் தெரியலை அபாய்" என்றாள் ஃபாயினா, பெரியவளை மரியாதையாக அழைக்கும் கஜக் சொல்லால். அப்பட்டமான பொய். அந்தப் படத்தை எடுத்ததே அவள்தான்.

சாலை திறந்ததும் லாரிக்காரர்கள் கலியாவின் கையில் எதையாவது திணிக்கப் பார்த்தார்கள். அவள் கரண்டியை ஓங்கினாள். ஃபாயினாவிடம் மட்டும் ஒன்று கேட்டாள்: "எழுதுவேல்ல? எழுது. ஆனா இந்தத் தடவை என் பள்ளிக்கூடத்துப் படத்தைப் போடு. எங்க வீடு எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது எல்லாரும் பார்க்கட்டும்." ஃபாயினா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள், வாசலில் அவளை நிறுத்திப் படமும் எடுத்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்தச் சத்தியம் ஆட்டம் கண்டது.

ஆசிரியர் வலேரியான் மார்கோவிச் கெட்டவர் அல்ல. சாலைக் குழி முதல் பள்ளி ஜன்னல் வரை ஊருக்காக எழுதி, எழுதியதை நடத்திக் காட்டியவர். பக்கத்து நாடு என்று வந்துவிட்டால் மட்டும் அவர் கை தானாகக் கறுப்பு மையைத் தொடும். ஃபாயினா எழுதியதைப் படித்தார், "அருமை" என்றார், தலைப்பை அழித்தார். ‘அண்டை நாட்டுச் சாலை விழுங்கியது: பனிச் சிறையில் நம் ஓட்டுநர்கள்’ என்று தட்டினார். மேலே அதே பஸ் ஸ்டாப் படத்தை ஒட்டினார்.

"எந்தச் சிறை? உள்ள வேர்த்துக் கொட்டுச்சு. ரெண்டு நாள்ல நான் ஒரு சுத்து பெருத்துட்டேன்."

"உள்ள அதெல்லாம் நீ எழுதினபடியே இருக்கும்மா. தலைப்புக்குக் கொஞ்சம் குளிரு வேணும். அங்க நம்மளவிட மோசம்னாத்தான் ஜனங்க தொட்டுப் படிக்கிறாங்க. நான் என்ன பண்ண?"

"அவங்களும் படிக்கிறாங்க."

"எவங்க?"

"பக்கத்து வீட்டுக்காரங்க. நாம எழுதுற மொழிதானே அவங்களும் படிக்கிறது! அவங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சு வேலி ஓரமா நின்னு புறம் பேசுறோம். அவங்க வேலிக்கு அந்தப் பக்கமே நிக்கிறாங்க, வலேரியான் மார்கோவிச்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் அது அவருக்கு உறைத்ததே இல்லை. இருந்தாலும் பிடியை விடவில்லை. "சரி, தலைப்பை மாத்திக்கலாம். படம் இருக்கட்டும். அந்தப் பகுதிக்கு அதுதான் முகம்."

ஃபாயினா திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். இதைச் சொன்னால் வேலை போகலாம், நாற்பத்தாறு வயதில் இந்த ஊரில் இன்னொரு வேலை சுலபமாகக் கிடைக்காது. சொல்லாவிட்டால் கலியாவின் முகத்தில் எப்படி விழிப்பது? சொன்னாள்.

"அந்தப் படம் கஜகஸ்தான் இல்லை. உங்க தோட்ட வீட்டுக்குப் போற வழியில இருக்கிற பஸ் ஸ்டாப்."

"என்னது?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பனி கனத்துல கூரை விழுந்துச்சு. நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுக்கச் சொன்னீங்க. நீங்க எழுதினீங்க, ஒரு வாரத்துல புதுக் கூரை போட்டாங்க. அதே வாரம் இந்தப் பகுதி ஆரம்பிச்சுது. முதல் செய்திக்குப் படம் வரலை. நான்தான், அரை மணி நேரத்துக்கு இருக்கட்டும்னு இதைப் போட்டேன். அசல் படம் வரவே இல்லை, இதுக்கே வாசகர் கூட்டம் வந்துடுச்சு. அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். தப்பு என்னோடது."

இத்தனை வருஷமும் கட்டைவிரல் அளவில் மட்டுமே ஒட்டிவந்த படத்தை அவர் திரை நிறையப் பெரிதாக்கினார். சாய்ந்த கம்பம். பனி. முதுகைக் காட்டி நிற்கும் ஆள். ஒரு காது தொங்கும் தொப்பி.

வலேரியான் மார்கோவிச் மெதுவாகத் திரும்பி, கதவருகே ஆணியில் மாட்டியிருந்த தன் தொப்பியைப் பார்த்தார்.

"ஒரு ஆளு நின்னாத்தான் படத்துல உயிர் இருக்கும்னு சொன்னேன். நீங்களே போய் நின்னீங்க" என்றாள் ஃபாயினா தணிந்த குரலில்.

இனி கிழியப்போவது தன் சீட்டுத்தான் என்று ஃபாயினா, காலி செய்யவேண்டிய தன் மேசை இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். அவள் வைத்த தலைப்பு திரும்பி வந்தது: ‘முப்பத்தேழு பேருக்கு ஓர் அடுப்பு’. மேலே பள்ளிக்கூடத்தின் படம், வாசலில் கரண்டியோடு கலியா. அடியில் யாரும் கேட்காமலே அவர் சேர்த்தார்: ‘ஒன்பது ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டின் அவலம் என்று நாங்கள் காட்டிவந்த இடம் நம் சொந்த ஊர். அங்கே நிற்பவர் இந்தத் தளத்தின் ஆசிரியர். பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.’ கீழே தன் முழுப் பெயரையும் போட்டார்.

ஊரறியத் தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொள்ள ஒரு ஆசிரியனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஃபாயினா அவரை அதற்குமுன் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். அன்று எழுந்துபோய் அவருக்குத் தேநீர் போட்டு வந்தாள்.

வாசகர்கள் கருத்துகளைக் கொட்டினார்கள். கேலி, வசவு, பாராட்டு எல்லாம் வந்தன. மத்தியானம் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கருத்து வந்தது. பெயர் கலியா. வலேரியான் மார்கோவிச் அதை வாய்விட்டுப் படித்தார்:

"ஒன்பது வருஷமா பஸ்ஸுக்கு நிக்கிற அந்த மனுஷனை இனி நிக்கவேண்டாம்னு சொல்லுங்க. நேரா இங்க வரச் சொல்லுங்க. சூப்பு சூடா இருக்கு."

அவர் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"ஃபாயினா, அங்க போற பஸ் எத்தனை மணிக்கு?"