பத்தாம் நாள் ஈ

ஈயைக் கண்டால் எல்லாருக்கும் அருவருப்பு. பச்சையம்மாளுக்குப் பயம். முதல் பிள்ளையை எட்டாம் மாதத்தில் பேதிக்குப் பறிகொடுத்தவள் அவள். அன்றைக்குப் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா பால் புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈ மொய்ச்சதையா வாயில வச்ச?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். ஐந்து வருஷமாக அந்த வார்த்தை அவள் காதிலேயே குடியிருந்தது. இப்போது, எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி மாதத்தில், இரண்டாவது பிள்ளை சந்திரகலா பிறந்து நான்காவது மாதம் நடக்கிறது. வீட்டுக்குள்ளே ஈ கொள்ளை கொள்ளையாக வருகிறது. இந்தப் பிள்ளையாவது தங்குமா என்பது தவிர பச்சையம்மாளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்தாள். ஃபினைல் ஊற்றிக் கழுவினாள். வேப்பிலையைப் புகைத்தாள், ஈ போகவில்லை, பிள்ளைதான் இருமியது. வெல்லத் தண்ணீரில் மருந்து கலந்து தட்டில் வைத்தாள். நூறு செத்தன, இருநூறு துக்கம் விசாரிக்க வந்தன. கடைசியில் பழைய மெல்லிய வாயில் புடவையால் தூளியைச் சுற்றி மூடிவிட்டு, பக்கத்திலேயே விசிறியோடு உட்கார்ந்துவிட்டாள். சோறு பொங்குகிற நேரம் போக அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

அவள் புருஷன் சகாதேவன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவன். "கோயில் ஊர்ல ஈ இல்லாம இன்னா இருக்கும்? ஜனம் ஜாஸ்தி வந்தா ஈயும் வரும்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் உட்கார்ந்ததைத் துரத்தக்கூடச் சோம்பல்பட்டுத் தூங்கிவிடுவான். மகா பொறுமைசாலி.

கிணற்றுக்கு மருந்து போட வந்த சுகாதார ஆபீஸ்காரர்தான் ஒரு ஈயை அடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது மாட்டு ஈ இல்லம்மா, அதுன்னா கடிக்கும். பழத்துல மொய்க்கிற பொடி ஈயும் இல்ல. முதுகுல கோடு தெரியுது பாருங்க. இது அழுகல்ல பொறக்கறது. முட்டை புழுவாகி, புழு ஈயாகிப் பறக்க எட்டு நாளோ பத்து நாளோ ஆவும். உங்க வூட்டுக்குள்ள நீங்க எவ்ளோ அடிச்சாலும் பிரயோஜனமில்ல. எங்க பொறக்குதுன்னு தேடுங்க."

அவர் போனதும் பச்சையம்மாள் தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். ஈ எல்லா நாளும் ஒரே மாதிரி வருவதில்லை. போன மாதம் எந்த நாளில் அதிகம்? அதற்கு முந்தின மாதம்? பௌர்ணமி கழிந்து பத்தாம் நாள். இரண்டு மாதமும் அப்படித்தான்.

பின்பக்கம் போய், உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, மதில் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சத்திரத்துக் கொல்லை. சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு எச்சில் இலை. அதற்குள் வெள்ளைப் புழுக்கள், உலை கொதிக்கிற மாதிரி மேலும் கீழும் புரண்டன.

அது யார் போட்ட சாப்பாட்டு இலை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சந்திரகலா பிறந்த அன்றைக்கே சகாதேவன் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்துக் கிடக்கட்டும், ஒரு வருஷத்துக்குப் பௌர்ணமி தோறும் மலை சுற்ற வருகிற நூறு பேருக்குச் சத்திரத்தில் சோறு போடுகிறேன் என்று. பிள்ளை பிழைக்கப் போட்ட சோற்றிலிருந்துதான் ஈ கிளம்பிப் பிள்ளையிடமே வந்துகொண்டிருந்தது.

"நிறுத்திடலாங்க" என்றாள் சாயங்காலம்.

சகாதேவன் முகம் வெளுத்துவிட்டது. "வாயக் கழுவு! ஒரு வருஷம்னு சாமிகிட்ட சொல்லிட்டு நாலு மாசத்துல நிறுத்தறதா? அதனால புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ பதில் சொல்வியா?"

அவளுக்கும் அதே பயம்தான். சோறு போட்டால் ஈ, போடாவிட்டால் சாமி. நடுவில் தூளி.

மறுநாள் சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டராமனிடம் போய் நின்றாள். இலையை மட்டும் எங்கேயாவது அப்புறப்படுத்தச் சொல்லிக் கெஞ்சினாள்.

"குப்பை வண்டி எங்கம்மா வருது? நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார் அவர். பிறகு, "இருந்தாலும் நீங்க சோறு போடற குடும்பம். உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். ஆவணிப் பௌர்ணமி கழிந்தது. பத்தாம் நாள் வந்தது. வீட்டில் எண்ணி நாலு ஈ. பச்சையம்மாள் தூளியைச் சுற்றிய புடவையை அவிழ்த்துப் போட்டு, பிள்ளையைப் பாயில் வெறுமனே கிடத்தி, அது காலை உதைப்பதை வாய் கொள்ளாத சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். இலை எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு மத்தியானமே உரல்மேல் ஏறிப் பார்த்தாள். இந்தச் சுவர் ஓரம் சுத்தமாக இருந்தது. கொல்லையின் கிழக்குச் சுவர் ஓரம் அதே ஆள் உயரக் குவியல். அந்தச் சுவருக்கு அப்பால் அஜ்மத் பேகத்தின் வீடு. பச்சையம்மாள் இறங்கி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

முதல் பிள்ளைக்கு மூச்சு இழுத்தபோது ஜட்கா வண்டி பிடித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவள் அஜ்மத் பேகம். இப்போது அவள் மகள் பீபி ஜான் தலைப்பிரசவத்துக்கு வந்து, ஆண் பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகிறது.

இரண்டு நாள் கழித்து அஜ்மத் பேகமே வந்தாள். "பச்சை, எங்கூட்ல ஈ தாங்கலடி. கொழந்த மூஞ்சிய வுட மாட்டேங்குது. உங்கூட்லதான் ஒண்ணுகூட இல்லியே! நீ இன்னா பண்ண?"

"அதுவா போயிடுச்சிக்கா."

"அதுவா எப்படிப் போவும்? நீ கெட்டிக்காரி, எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சியாமே, சகாதேவன் சொல்லிச்சு. எங்கூட்டுக்கும் வந்து பாத்துச் சொல்லேன்."

போகாமல் இருக்க முடியவில்லை. போனாள். சமையலறையைப் பார்த்தாள், அண்டாவுக்குப் பின்னால் பார்த்தாள், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அஜ்மத் பேகம் கூடவே வந்து, "இங்கியா? இங்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொல்லைக் கதவுக்குக் கிட்டே போனதும் பச்சையம்மாள் திரும்பிவிட்டாள். உண்மை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அஜ்மத் பேகத்தின் புருஷன் அன்வர் பாஷா பாய் சத்திரத்துக்குப் போய்ச் சண்டை பிடிப்பார், குவியல் பழையபடி மேற்கே இவள் சுவருக்கே வந்துவிடும். இன்னும் ஏழு பௌர்ணமி பாக்கி. அவள் என்னதான் செய்வாள்?

"ஒண்ணும் தெரியலக்கா" என்றாள்.

அறையில் பீபி ஜான் அசந்து தூங்கினாள். பக்கத்தில் துணிமேல் குழந்தை. அதன் கடைவாயில் பால் காய்ந்த இடத்தில் மூன்று ஈ. பச்சையம்மாள் சட்டென்று குனிந்து முந்தானையால் விரட்டினாள். விரட்டியவை சுற்றி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. மறுபடி விரட்டினாள். தன் வீட்டில் சந்திரகலா பால் குடிக்கிற நேரம் ஆகிவிட்டது என்று மார்பு கனத்தது. ஆனாலும் முந்தானை வீசுவதை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

"நீ ஏண்டி கஷ்டப்படற? உன் மனசு யாருக்கு வரும்" என்றாள் அஜ்மத் பேகம்.