மருந்து ஏறிய நேரம்

அறையில் வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். தம்பி மல்லாந்து படுத்திருந்தார். இடது கையில் ஊசிக்குழாய். வலது கையில் நான்கு வருட நடுக்கம். நடுக்கத்தோடு இப்போது புத்தித் தடுமாற்றமும் சேர்ந்துகொண்டதால், மூளையில் எங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று படமெடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"பேசாம, சும்மா படுத்திருக்கணும், ஐயா" என்று சொல்லி, குழாயில் மருந்தை ஏற்றிவிட்டு வெளியே போனாள் டெக்னீஷியன்.

துணைக்கு உட்கார்ந்திருந்த அண்ணனுக்கோ இது பரீட்சை. அவர்களுடைய மருந்துக்கடையில் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் தம்பிதான். அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வெளியே தெரிந்தால் அந்த இடமும் போகும், குடும்ப மானமும் கப்பலேறும்.

அண்ணன் குனிந்தார். "நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாடா."

"தொண்ணூத்தி மூணு... அண்ணே, பேசக்கூடாதுன்னாங்களே."

"மெதுவாச் சொல்லு. மூளை நல்லா ஓடுறது படத்துல விழட்டும்."

"பள்ளிக்கூடப் பரீட்சையிலயும் ஜன்னல் பக்கம் நின்னு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தே. அத்தனையும் தப்பு."

சற்று நேரத்தில் டெக்னீஷியன் திரும்பி வந்தாள். "பேசலையே? மருந்து ஏறின நேரத்துல மூளை எப்படி இருந்துச்சோ, அதைத்தான் படம் காட்டும். பேசியிருந்தா மாறி வந்துடும்."

"சொன்ன சொல்லை மீறுற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாதும்மா" என்றார் அண்ணன், நிமிர்ந்து.

அவள் இயந்திரத்தைத் தயார் செய்யப் போனாள். தம்பி கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"போன வாரம் அந்தக் குழந்தைக்குப் பெரியவங்க மாத்திரையைக் கொடுத்தேன். நீதான் மூணு தெரு ஓடிப்போய்த் திருப்பி வாங்கினே. டாக்டர் கையெழுத்து கோணல்னு வீட்டுல சொன்னே."

"ஆமா, அதுக்கென்ன?"

"அது அச்சடிச்ச சீட்டு, அண்ணே."

அண்ணன் எழுந்து, கதவைத் திறந்து வெளியே போய் டெக்னீஷியனைக் கூப்பிட்டார்.

"பேசினோம்மா. நான்தான் பேச வெச்சேன்."

அவள் கோபப்படவில்லை, அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. "அடுத்த வாரம் திரும்ப வாங்க, ஐயா."

அவர் உள்ளே வந்தபோது தம்பி எழுந்து உட்கார்ந்து, கடையின் மருந்து அலமாரிச் சாவியை நீட்டிக்கொண்டிருந்தார். நடுக்கத்தில் சாவி கட்டில் கம்பியில் பட்டுச் சத்தமிட்டது.

"இன்னும் படமே எடுக்கலையேடா" என்றார் அண்ணன்.

"அதுக்குள்ள எத்தனை சீட்டு வரும், அண்ணே?"

அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார். தம்பியின் கண்ணைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.