சொந்த வீட்டைக் குறை சொல்லத் தெரியாதவன்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மலைக் கிராமங்களில் வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடுபவர்கள் வெளியாட்கள் அல்ல. ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று பேர். போட்ட மதிப்பு அதிகம் என்று தோன்றினால், மே மாதத்தில் ஒருநாள் ஊர் மண்டபத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் சொந்த வீட்டின் குறைகளை அடுக்க வேண்டும். வெட்கம் பார்த்தால் வரி ஏறும்.

தச்சன் அர்மாண்ட் லபியருக்கு இந்த வருஷம் வெட்கம் பார்க்க வழியில்லை. நியூயார்க் பணக்காரர்கள் வந்து மலைமேல் மாளிகை கட்டிக் குடியேறியதில், அடிவாரத்திலிருந்த அவன் வீட்டின் மதிப்பும் சேர்ந்து எகிறிவிட்டது. வரி இரண்டு மடங்கு. அது குறையாவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். மனைவி கிளாரிஸ் வண்டியிலேயே பாடம் நடத்தினாள்.

"தரை சாஞ்சிருக்குன்னு சொல்லு. நிலவறைல தண்ணி ஊறுதுன்னு சொல்லு. பெருமை பீத்திக்காத, புரியுதா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மண்டபத்தில் அவனுக்கு முன்னால் கூப்பிடப்பட்டவர் பிரஸ்டன். மாளிகைக்காரர்களில் ஒருவர். கோடீஸ்வரருக்கும் வரி கசக்கத்தான் செய்கிறது.

"ஜன்னல் வழியா காத்து பூந்து வருது. ஒரு கதவும் ஒழுங்கா மூடல. வேலையே மட்டம்" என்றார்.

அந்த ஜன்னல்களையும் கதவுகளையும் வைத்தவன் அர்மாண்ட். காது மடல் சிவக்க எழுந்தேவிட்டான்.

"எந்தக் கதவு மூடல? என் கை பட்ட கதவு மூடாம இருந்ததா சரித்திரமே கிடையாது! டோரிஸ், நீயே போய்ப் பாரு. ஒரு நூல் இடைவெளி இருந்தா சுத்தியல ஆத்துல வீசிடறேன்."

மதிப்புக் குழுத் தலைவி டோரிஸ் அவனோடு பள்ளியில் படித்தவள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிரஸ்டனின் முறையீடு எடுபடவில்லை.

"அடுத்தது நீதான் அர்மாண்டு. உன் வீட்டக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப குறை?"

கிளாரிஸ் அவன் காலை மிதித்தாள். தரை சாய்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு அடம்பிடித்தது.

"ஒரு குறையும் இல்ல. ஆனா போன தடவ நீ மதிப்புப் போட்டப்புறம் நான் அதுல ஒரு ஆணிகூட அடிக்கல. வளந்தது இவரு வீடு, ஏறினது என் வரி. நியாயமா?"

"நியாயம் இல்லதான். ஆனா இன்னிக்கு வித்தா என்ன கிடைக்கும்னுதான் சட்டம் கேக்குது. நாங்க போட்ட விலைக்கு ஆள் கிடைக்காதுன்னு சொல்லு, குறைக்கிறேன்."

"நான் வாங்கிக்கிறேனே" என்றார் பிரஸ்டன்.

கெட்ட எண்ணத்தில் அல்ல. நன்றாகக் கட்டிய வீடு என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. அதோடு முடிந்தது கதை. மதிப்பு போட்டபடியே நின்றது.

"போச்சு! வாயாலயே வீட்டத் தொலச்சிட்டியே, பாவி!" கிளாரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அர்மாண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு பிரஸ்டனிடம் திரும்பினான்.

"விருந்தாளிங்களுக்குத் தனி வீடு கட்டணும்னு கேட்டீங்கல்ல? நேத்துச் சொன்ன கூலி இன்னிக்கு இல்ல. ரெண்டு மடங்கு."

"இது அநியாயம்!"

"அக்கம்பக்கம் ஒசந்துடுச்சு சார். வீட்டு மதிப்பு ஏறலாம், கட்டினவன் மதிப்பு ஏறக்கூடாதா? வேணாம்னா வேற தச்சனப் பாருங்க."

அந்தப் பள்ளத்தாக்கில் வேறு தச்சன் இருந்தால்தானே! வாடகை கட்டுப்படியாகாமல் மற்றவர்களெல்லாம் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பிரஸ்டன் சம்மதித்துக் கையை நீட்டினார்.

கிளாரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"வரி வருஷா வருஷம் வருமே சார். நீங்களும் வருஷா வருஷம் ஏதாவது கட்டுவீங்கல்ல?"