தறிக்குப் பின் போன பெட்டி

நினியன் ஹாடோவின் தறியை வெளியே எடுத்துப்போன அன்று சாயங்காலம் அவன் வீடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கில்டாரன் ஊரின் நெசவாளர் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. அதனால் முதலில் கண்டுகொண்டவள் பக்கத்து வீட்டு மேரியன்தான். அவள் சமையலறைச் சுவர் மேலே நகர்ந்து, அதில் மாட்டியிருந்த வாணலி கைக்கு எட்டாமல் போய்விட்டது.

தப்பு தெருவுடையது. அங்கே நெசவாளி செத்தால் சவப்பெட்டி முதலில் வாசலைத் தாண்ட வேண்டும். தறி அதன் பிறகுதான், தறியில்லாத வேறொருவனுக்குப் போகும். நினியனோ, கூலி விழுந்துபோன வருஷம் கனடாவுக்குக் கப்பலேறியவன். நிலம் பார்த்துவிட்டு மனைவி கிரிசெலை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான். கப்பல் கரை சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. சில குளிர்காலங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, பெட்டிதான் இல்லையே, எதற்குக் காத்திருப்பது என்று, மண்தரையில் புதைந்திருந்த தறிக்கால்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கிரிசெல் தடுக்கவில்லை. அவர் வந்தால் வேறு தறி செய்துகொள்வார் என்று மட்டும் சொன்னாள்.

வீடு அவசரமில்லாமல் ஏறியது. கிரிசெல் முதலில் முக்காலி போட்டு இறங்கினாள், பிறகு ஏணி வைத்தாள். அடியில் கோழிகள் மழைக்கு ஒதுங்கின. பால்காரன் கயிற்றில் கட்டிய வாளியில் ஊற்றிவிட்டுப் போனான். ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். மேரியன் வீட்டுச் சுவர்தான் பழகவில்லை. அது விரிசல் விட்டு, சாரல் உள்ளே அடித்து, அவள் கைக்குழந்தை நெஞ்சுச்சளியில் திணறியது.

தச்சர் எபன் கார்கில் ஒரு வழி சொன்னார். விட்டுப்போன பெட்டி வாசலைத் தாண்டினால் வீடு இறங்கும், காலிப்பெட்டியே போதும். போதகரும் மறுப்புச் சொல்லவில்லை. கிரிசெல்தான் மாட்டேன் என்றாள். மேரியன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியடியில் வந்து நின்றாள்.

"அக்கா, காலிப்பெட்டியத்தானே கேக்குறோம்? உன் புருஷனையா கேக்குறோம்?"

"பேரைச் சொல்லித் தூக்கிட்டா அவர் செத்தவர்தானேடி. நாளைக்கு வந்து நின்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவத் திறப்பேன்?"

"வந்தா எங்கிட்ட அனுப்பு, நான் வாங்கிக் கட்டிக்கிறேன். இவன் மூச்சக் கேளுக்கா. கேட்டுட்டு அப்புறம் மாட்டேன்னு சொல்லு."

கிரிசெல் இறங்கி வந்து குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"எபன்கிட்டச் சொல்லு. என் வீட்டுக்காரர் நல்ல உசரம். மனுஷன் குட்டையாப் பண்ணிடப் போறாரு."

எபன் செய்து வீட்டுக்குள் ஏற்றிவைத்த காலிப்பெட்டியை ஆறு பேர் வாசல் வழியே கயிற்றில் இறக்கித் தோளில் வைத்தார்கள். எடையே இல்லை, ஒருவன் வெட்கத்தில் சிரித்தும்விட்டான். பெட்டி வாசலைத் தாண்டியும் வீடு அசையவில்லை. கிரிசெலுக்கு உள்ளூரப் பொங்கியது. அவர் சாகவில்லை, வீட்டுக்கே தெரிகிறது! அங்கே பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அவள் வீட்டிலேயே இருந்து, திரும்பி வருகிறவர்களுக்கு ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கினாள். கூட இருந்த மேரியனுக்குத் தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

இடுகாட்டு வழியில், பாலத்தில், தூக்கியவர்கள் தோள் மாற்றச் சொன்னார்கள். மேட்டில் இறக்கி வைத்து இன்னும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். பலகைப் பொருத்துகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எபன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார். கடல் அங்கிருந்து இரண்டு நாள் நடை.

"திறக்க வேணாம்," என்றார். "தூக்குங்கப்பா, பாத்து."

அந்த நேரத்தில்தான் கிரிசெலின் காலடியில் தரை மெல்ல இறங்கியது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வீடு மண்ணில் உட்கார்ந்ததும், இத்தனை வருஷம் வராத அழுகை மொத்தமும் வந்தது. மேரியன் அவளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துச் சுவரில் விரிசல் மூடிக்கொண்டது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய தோள்கள் நனைந்திருந்தன, கிரிசெல் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

நினியனின் கல்லறைப் புல் உப்புக் கரிக்கும். ஆடுகள் அதைத் தேடி வேலி தாண்டி வரும். கிரிசெல் அவற்றை விரட்ட விட்டதில்லை, இப்போதும் யாரும் விரட்டுவதில்லை.